தெருவைச் சுற்றி வந்த வெந்நீர்

கொதிக்கிற வெந்நீரைத் தெருவுக்கு அனுப்பி, காற்று வாங்கவிட்டு, பச்சைத் தண்ணீராக்கி, மறுபடி வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொண்ட ஒரே ஆள் கள்ளக்குறிச்சியில் நான்தான். இதை மறைத்துப் பயனில்லை. எங்கள் தெருவில் போகிற யாரும் தலையைத் திருப்பினால் பார்த்துவிடலாம். கொல்லையில் பாய்லரிலிருந்து கிளம்புகிற செம்புக் குழாய், வலப்பக்கச் சந்தில் ஓடி, தெருப்பக்கம் திரும்பி, வாசல் கதவுக்கு மேலே தோரணம் மாதிரி ஏறி இறங்கி, ஜன்னலுக்கு அடியில் குனிந்து, அதற்கப்புறம்தான் குளியலறைக்குள் நுழைகிறது. சமையலறையைத் தாண்டினால் அம்மாவின் அறை, அறையின் தெருப்பக்க மூலையில் குளியலறை. உள்ளாலேயே வந்திருந்தால் கூப்பிடு தூரம்கூட இல்லை.

ஏன் இப்படி என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்குத் தகுந்த பதில் வைத்திருந்தேன். மாமாவிடம் வாஸ்து என்றேன். நான் வேலை பார்த்த கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளரிடம், வெயில் பட்டால் தண்ணீர் தானாகவே சூடாகும் என்று விஞ்ஞானம் பேசினேன். எதிர்வீட்டுக் குழந்தையிடம் இடிதாங்கி என்றேன். நம்பியது குழந்தை மட்டும்தான்.

உண்மைக் காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் ஒத்தக்கொழாய் என்று ஊர் பட்டப்பெயர் வைத்திருந்த ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செம்புக் குழாயை வளைக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கலாம். செம்புக் குழாய்க்காக மனிதர்களை வளைத்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

அவர் வீடு கருணாபுரம் காலனியில். சொந்தப் பெயர் என்ன என்று நான் கேட்டதில்லை. இளவயதில் மெட்ராஸில் ஏதோ ஒரு மீன் குளிர்கிடங்கில் வேலை செய்து, அங்கே செம்புக் குழாயோடு தீராத காதல் ஏற்பட்டு, காதலோடு ஊர் திரும்பியவர். கள்ளக்குறிச்சியில் அப்போது ஃபிரிட்ஜ் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஆகவே அந்தக் காதலுக்கு வேலை கம்மி, ஓய்வு ஜாஸ்தி. ஒல்லி உடம்பு. மார்புக்குக் குறுக்கே எப்போதும் ஒரு செம்புச் சுருள். சைக்கிளில் வந்தால், மாலையைக் கழற்ற மறந்த மாப்பிள்ளை வருவது போல இருக்கும்.

அவர் மதத்துக்கு ஒரே கட்டளைதான்: குழாயில் ஒட்டு கூடாது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே குழாய். திருப்பம் வந்தால் வளைக்கலாம். வெட்டிச் சேர்க்கக் கூடாது. எல்போ, ஜாயிண்ட் போன்ற சொற்கள் காதில் விழுந்தால் ஒருமுறை துப்பிவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"ஜாயிண்ட் போட்டா அது பைப்பே இல்ல சார். பக்கத்துப் பக்கத்துல நிக்கிற ரெண்டு துண்டு. என்னைக்கி இருந்தாலும் சண்ட போட்டுக்கினு பிரிஞ்சிடும்."

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த மெஸ் ஒன்றில் கேஸ் அடுப்புக்குக் குழாய் போடப் போனார். சுருள் அடுப்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே முடிந்துவிட்டது. 

"ஒரு துண்டு சேத்துடுடா" என்றார் மெஸ்காரர்.

"அடுப்ப இப்படி நவுத்துங்க."

"நவுத்துனா அங்க கல்லாப் பெட்டி இருக்குதேடா!"

"அப்ப கல்லாவ நவுத்துங்க. அதுக்குக் காலு இருக்குது இல்ல?"

மாலைக்குள் அடுப்பு நகர்ந்தது. அடுப்புக்காகக் கல்லா நகர்ந்தது. கல்லா வாசலுக்கு வெளியே போய்விட்டதால், அந்த வருஷ மழைக்காலம் முழுவதும் மெஸ்காரர் குடை பிடித்துக்கொண்டு சில்லறை எண்ணினார்.

செம்புக் குழாயைச் சும்மா வளைத்தால் நசுங்கிவிடும். உள்ளே மணலைத் திணித்து, இரண்டு முனைக்கும் மரக்கட்டை அடைத்து, நெருப்புக் காட்டி வளைக்க வேண்டும். மணல் கோமுகி ஆற்று மணலாக இருக்க வேண்டும். அதைச் சலித்து, கடலை வறுப்பது போல வாணலியில் வறுத்து, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். "இன்னும் ஈரம் இருக்குது" என்று மறுபடி வறுப்பார். ஒருமுறை கடுமையான சளிக்காய்ச்சல். நாக்கு மரத்துப் போயிருந்தது. அன்று ஈரமணல் உள்ளே போய்விட்டது. நெருப்புக் காட்டியதும் ஆவி கட்டி, அடைப்புக் கட்டை துப்பாக்கிக் குண்டு மாதிரி கிளம்பி, எதிரில் இருந்த தையல் கடைப் பலகையில் 'ஜென்ட்ஸ்' என்ற பகுதியைப் பெயர்த்துக்கொண்டு போனது. தையற்காரர் கொஞ்ச நாள் சண்டை போட்டுப் பார்த்தார். பிறகு பெண்களுக்கு மட்டும் தைக்க ஆரம்பித்தார். வியாபாரம் நன்றாகத்தான் இருந்தது.

இந்த மனிதரைத்தான் நான் வேலைக்குக் கூப்பிட்டேன்.

அவை இடஒதுக்கீட்டுப் போராட்ட வருஷங்கள். சாலைகளில் புளியமரங்கள் குறுக்கே படுத்துக் கிடக்கும். பஸ் ஓடுமா நிற்குமா என்று டிரைவருக்கே தெரியாது. படிப்பிலும் வேலையிலும் எங்கள் சாதிக்குத் தனிப் பங்கு வேண்டும் என்பது கோரிக்கை. நியாயமான கோரிக்கை, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். நான் அப்போது கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் இளம் எழுத்தர். மரம் வெட்டத் தெம்பு கிடையாது. மறியலில் உட்கார்ந்தால் வெயில் ஒத்துக்கொள்ளாது. எனவே துண்டறிக்கை எழுதிக் கொடுத்தேன். 'மூடிய கதவுகளைத் திற!' என்று தொடங்கும். ஊரில் எல்லோரும் ஒத்தக்கொழாயை 'வாடா, போடா' என்றார்கள். நான் 'வாங்க, போங்க' என்றேன். நாலு புத்தகம் படித்தவன் அல்லவா? அந்த இரண்டு எழுத்தைச் சேர்த்துக்கொண்டதையே ஒரு சமூகப் புரட்சியாக நினைத்திருந்தேன்.

மார்கழியில் கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிற குளிர் வேறெங்கும் தங்காமல் நேராக எங்கள் அம்மாவின் முழங்காலுக்குத்தான் வரும். கொல்லைக்குப் போய்ப் பாய்லரிலிருந்து வெந்நீர் தூக்கி வர அம்மாவால் முடியவில்லை. வேலை கிடைத்த தெம்பில் பழைய வீட்டைச் செப்பனிட்டேன். அம்மாவின் அறை மூலையில் குளியலறை கட்டினேன். சேலத்தில் ஒரு லாட்ஜில் குழாயைத் திருகினால் வெந்நீர் வந்ததைப் பார்த்திருக்கிறேன். அது போல அம்மாவுக்கும் வர வேண்டும். பாய்லரிலிருந்து ஒரு செம்புக் குழாய். அவ்வளவுதான்.

அவர் கொல்லை வழியாக வந்தார். பாய்லர் கொல்லையில்தானே இருக்கிறது என்று நானும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. அளவு நாடாவை அவர் நம்புவதில்லை, அது துணிக்கடைக்காரர்களுக்கு. கையாலேயே முழம் போட்டபடி பாய்லரிலிருந்து நகர்ந்து நகர்ந்து சமையலறைப் படிக்கு வந்தார். உள்ளே வைக்க ஒரு காலைத் தூக்கினார்.

"கொஞ்சம் இருங்க" என்றேன்.

கால் அந்தரத்தில் நின்றது.

"உள்ள இப்பதான் பூசியிருக்குங்க. சுவரு ஈரம். காயட்டுமே."

பூசி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. ஆனால் அது அம்மாவின் சமையலறை. அடுப்புக்கு மேலே சாமி படம். அவர் உள்ளே போனால் அம்மா என்ன சொல்வாள் என்று, எனக்குள்ளேயே ஒரு அம்மாவை உட்கார வைத்து நானே கேட்டு, அவளுக்காக நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். எல்லாம் அவர் கால் காற்றில் நின்ற அந்த நேரத்துக்குள்.

அவர் காலைத் தூக்கிய இடத்திலேயே திரும்ப வைத்தார். கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். மணலின் ஈரத்தை நாக்கால் கண்டுபிடிக்கிற மனிதரிடம், போயும் போயும் ஈரத்திலா பொய் சொல்வது!

"ஆமா சார்" என்றார். "ஈரமாத்தான் இருக்குது."

மறுநாள் காலை நான் அலுவலகத்துக்குச் சட்டை மாட்டும்போது கொல்லையில் சைக்கிள் மணி கேட்டது.

"காஞ்சிச்சா சார்?"

"இன்னும் இல்லீங்க."

"சரி, காயட்டும்."

அதற்கு மறுநாளும் வந்தார். அதற்கு அடுத்த நாளும். ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தது. ஊரில் நெல்லெல்லாம் காய்ந்தது. எங்கள் சமையலறைச் சுவர் மட்டும் காயவில்லை. தினம் ஒரு சந்தேகம் கேட்பார். "இன்னா சிமெண்ட்டு சார் போட்டீங்க, அணைக்கட்டுக்குப் போடுறதா?" ஒரு நாள், "ஃபேன் போட்டுப் பாத்தீங்களா?" இன்னொரு நாள் மிகுந்த அக்கறையோடு, "ஒருவேள சுவரு அழுவுதோ சார்?"

நான் சட்டைப் பொத்தானைத் தப்பான ஓட்டையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

கடைசியில் எனக்கு ஒரு யோசனை உதித்தது. மேதைகளுக்கு உதிப்பது போலத்தான். "நீங்க கொல்லைப் பக்கம் வரைக்கும் போட்டுடுங்க. உள்ள வேற ஆளு போட்டுக்கட்டும். சமையல்கட்டு சுவர்ல ஒரு ஜாயிண்ட் வச்சுக்கலாம்."

அவர் துப்பவில்லை. படிக்கட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அங்க எதுக்கு சார் ஜாயிண்டு? செக்போஸ்ட்டா?"

நான் பாய்லரைப் பார்த்தேன். பாய்லர் எனக்கு உதவவில்லை.

"சரி வுடுங்க" என்றார் அவரே. "நான் சுத்திக்கினு வரேன். உள்ள வரவே வேணாம். தெருவால வந்து குளிக்கிற ரூமுல பூந்துக்கிறேன். ஆனா ஒரே பைப்பு. இந்தச் சுருளு பத்தாது, சேலத்துல நீட்டமா இருக்கும், போய் வாங்கியாறேன்."

இடப்பக்கம் பக்கத்து வீட்டோடு ஒட்டிய பொதுச் சுவர். ஆகவே வலப்பக்கமாக முழுச் சுற்று. தண்ணீர் ஆறிவிடுமே என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொன்னால் 'அப்போ உள்ளால வரேன்' என்பாரே என்பதும் தோன்றியது. "நல்ல யோசனை" என்றேன்.

அவர் சேலம் போனார். அம்மா திருக்கோவிலூருக்குத் தன் தங்கை வீட்டுக்குப் போனாள். அன்றைக்கென்று பார்த்து மறியல் சூடு பிடித்தது. பஸ் நின்றது. அம்மா திருக்கோவிலூரிலேயே மாட்டிக்கொண்டாள். ஒத்தக்கொழாய் ரயிலில் சின்னசேலம் வரை வந்து, அங்கிருந்து விழுந்து கிடந்த மரங்களை ஒவ்வொன்றாகத் தாண்டி, மார்பில் ஒரு மாபெரும் செம்புச் சுருளோடு நடந்து வந்திருக்கிறார். வழியெல்லாம் அப்போது டெலிபோன் கம்பிகளை அறுத்துப் போட்டிருந்தார்கள். அறுந்த கம்பிக்குக் கீழே ஒரு ஆள் பளபளவென்று செம்பைச் சுற்றிக்கொண்டு வந்தால் போலீஸ் என்ன செய்யும்? அவர்கள் நெடுநேரம் யோசிக்கவில்லை.

எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். நான் போனபோது ஸ்டேஷனில் அவர் ஏட்டய்யாவுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். சுருளைக் கழற்ற விடவில்லை; கழற்றினால் நெளிந்துவிடுமாம்.

"ஒயருக்கு நடுவுல ஓட்ட இருக்குமா ஏட்டய்யா? இந்தாண்ட நீங்க ஊதுங்க. அந்தாண்ட அவர காது வைக்கச் சொல்லுங்க."

ஏட்டு ஊதினார். மறுமுனையில் காதை வைத்த கான்ஸ்டபிள் சிலிர்த்துக்கொண்டு, "வருதுங்கய்யா!" என்றார்.

"சரிய்யா, பைப்புதான்" என்று ஏட்டு இறங்கி வந்தார். "வூட்டுக்கு எதுக்கு இம்மா நீட்டு பைப்பு? எங்க இருந்து சுட்டுக்கினு வந்த?"

"சாரு வூட்டுக்குத்தாங்க. வெந்நி தெருவால சுத்திக்கினு போவுது."

"எந்த ஊர்லய்யா வெந்நி தெருவால போவுது?"

"உள்ள சுவரு ஈரம்ங்க. ஐப்பசில இருந்து ஈரம். வேணும்னா சாரயே கேளுங்க."

ஸ்டேஷன் முழுவதும் என்னைப் பார்த்தது. ஏட்டு எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். "வாங்க, பாத்துடலாம். சுவரு ஈரமா இருந்தா இவன் சொல்றது நெசம். காஞ்சிருந்தா இவன் உள்ள."

எங்கள் வீட்டுக்கு நடந்து வந்த அந்தத் தூரத்தை நான் மறக்கவில்லை. ஒரு சுவர் ஈரமாக இருக்க வேண்டும் என்று ஆயுளில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டே வந்தேன்.

ஏட்டு பூட்ஸோடு வாசல் வழியே நுழைந்து, கூடத்தைத் தாண்டி, சமையலறையில் போய் நின்றார். ஒத்தக்கொழாய் பழக்கப்படி சந்து வழியாகச் சுற்றிக் கொல்லைப் படிக்கு வெளியே வந்து நின்றார். ஏட்டு சுவரைத் தட்டினார். 'டொக் டொக்' என்றது. உள்ளங்கையால் தடவினார்.

"அப்பளம் மாதிரி காஞ்சி கெடக்குது" என்றார். "அப்ப இவன் புளுவுறான். இட்டுக்கினு போய்யா."

கான்ஸ்டபிள் அவர் கையைப் பிடித்தார். அவர் திமிறவில்லை. படிக்கு வெளியே நின்றபடி என்னையே பார்த்தார், இப்போது நீ சொல்லு என்கிற மாதிரி.

"அவர் பொய் சொல்லல" என்றேன். குரல் எங்கேயோ அண்டாவுக்குள்ளிருந்து வந்தது. "அவர்கிட்ட நான்தான் பொய் சொன்னேன்."

"நீங்க எதுக்கு சார் பொய் சொன்னீங்க?"

சமத்துவத்தைப் பற்றி மூச்சு விடாமல் பேசக்கூடிய நான், காய்ந்த சுவரையே இன்னொரு தடவை தடவிப் பார்த்தேன். கொல்லைப் பக்கமிருந்து அவர் குரல்தான் வந்தது.

"சார் மேல தப்பு இல்லீங்க ஏட்டய்யா. அந்தச் சுவரு அப்படி. நான் நின்னா ஈரமாவும். நவுந்துட்டா காஞ்சிடும்."

ஏட்டு அவரைப் பார்த்தார். படியைப் பார்த்தார். பிறகு குனிந்து, சாமி படத்துக்கு நேர் கீழே நின்றிருந்த தன் பூட்ஸைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். திருட்டுக் கேஸில் சிக்கியவனைப் பார்க்கிற பார்வைதான். ஆள் மட்டும் மாறியிருந்தது.

"வுடுய்யா அவர" என்றார் கான்ஸ்டபிளிடம். ஏட்டின் வாயிலும் 'அவர்' வந்துவிட்டது.

அவர்கள் போன பிறகு படிக்கு வந்தேன். "உள்ள வாங்க" என்றேன். அந்த இரண்டு சொல்லுக்கு அவ்வளவு எடை இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. "உள்ளாலயே போட்டுடலாம்."

"காஞ்சிடுச்சா சார்?"

"காஞ்சிடுச்சுங்க."

அவர் எட்டிப் பார்த்தார். அப்புறம் மார்பிலிருந்த சுருளைத் தடவினார். "இல்ல சார். உள்ளாலன்னா இத பாதியா வெட்டணும். முழுசா இருக்கிறத வெட்ட எனக்கு கை வராது. நீங்க நல்ல யோசனைன்னு சொன்னீங்களே, அப்படியே போட்டுடலாம்."

கெஞ்சிப் பார்த்தேன். அடுப்பையும் கல்லாவையும் நகர்த்திய மனிதர் என் கெஞ்சலுக்கா நகர்வார்? மறுநாளே வாணலியில் மணல் வறுபட ஆரம்பித்தது. பெரிய வளைவுக்கு எங்கள் ஆட்டுக்கல்லைச் சுற்றி வளைத்தார். சின்ன வளைவுக்கு அம்மிக்குழவி. தெருவே கூடி நின்று பார்த்தது. வாசல் கதவுக்கு மேலே குழாய் ஏறி இறங்குகிற அந்த வளைவை முடித்ததும், எதிர்ப்பக்கம் போய் நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, தன்னையே மெச்சிக்கொண்டு ஒரு பீடி பற்றவைத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகான குழாயை நான் எங்கும் பார்த்ததில்லை. இன்றைக்கும் வீட்டுக்கு வெள்ளையடிக்க வருகிறவர்கள் கழற்றிவிடலாமா என்று கேட்டால், புளி போட்டுத் தேய்க்கச் சொல்கிறேன்.

பாய்லரை மூட்டிக் குழாயைத் திறந்தோம். முதலில் கோமுகி ஆறு வந்தது, மணல் மட்டும். தட்டித் தட்டி அது தீர்ந்ததும் தண்ணீர் வந்தது. நான் கையை நீட்டினேன். ஜில்லென்றிருந்தது.

"ஆறிப் போச்சுங்களே" என்றேன்.

அவரும் கையை நீட்டினார். "இல்லையே சார், சூடாத்தான் இருக்குது. உங்க கையி ஜில்லுன்னு இருக்குது" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

பஸ் விட்டதும் அம்மா திருக்கோவிலூரிலிருந்து வந்தாள். வாசலில் நின்று கதவுக்கு மேலே பார்த்தாள். உள்ளே போய்க் குளித்துவிட்டு, நடுங்கிக்கொண்டே வெளியே வந்தாள்.

"ஏண்டா, வெந்நி ஏண்டா தெருவால வருது? நேரா சமையல்கட்டால வந்தா இன்னா கேடு?"

போலீஸ் வந்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். "எல்லாம் உனக்குப் பயந்துதாம்மா" என்று முடித்தேன். அதைச் சொல்லும்போது எனக்கு ஒரு தியாகியின் முகம் இருந்திருக்கும்.

அம்மா தலை துவட்டுவதை நிறுத்தினாள். "எனக்கு பயந்தா? தெனம் நீ ஆபீசுக்குப் போனதும் அவன் அந்த சமையல்கட்டுலதானேடா குந்திக்கினு இருந்தான்! ஸ்டவ்வுல அடைப்பு எடுக்க நீ வருவியா? ஒரு வாய் சோறும் அங்கதான் துன்னுவான். நாலு பேரு பேசுவாங்கன்னு நானும் வெளியில சொல்லல."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா?"

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன். அவன்தான் வேணாம்னுட்டான். 'சாரு வர்ற நேரமாச்சு, நான் கெளம்புறேன்மா. நாலு எழுத்து படிச்ச புள்ள, என்னை உள்ள பாத்தா பாவம், கூச்சப்படும்'னான்."